செயப்பாட்டு வினை

சென்ற மாதம் நாலைந்து பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர், 'தொழில்முறை உறவு' என்பதே நமக்கு வேண்டாத சொல் என்றார். முதியவர்களையும் நோயாளிகளையும் அநாதைக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிற இடத்தில் அன்பு இருக்கவேண்டும். அது இருந்தால் மற்றவை தாமே வரும். மேற்கில் அன்பு வற்றிப்போனதால் அந்தப் பள்ளத்தை விதிகளைக் கொண்டு நிரப்பினார்கள் என்பது அவர் வாதம். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். எனக்கு மாற்றுக் கருத்து இருந்தது. ஆனால் அதைச் சொல்வதானால் ஒரு விஷயத்தை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. டீக்கடை பெஞ்சில் அதைச் செய்ய முடியவில்லை. இங்கே செய்து பார்க்கிறேன்.

2011-லிருந்து நாலு வருஷம் காவிரிக்கரை ஊர் ஒன்றின் ஓரத்தில் இருந்த முதியோர் இல்லத்தில் இரவு வார்டனாக இருந்தேன். எழுதுகிறவனுக்கு ஏற்ற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். இரவு, தனிமை, மேஜை, விளக்கு. இந்த மாதிரிக் கற்பனைகள் நம்மில் பலருக்கும் உண்டு. நடக்க முடிந்தவர்கள் ஒரு ஹாலிலும் படுக்கையோடு கிடப்பவர்கள் இன்னொரு ஹாலிலும் இருந்தார்கள். படுக்கை ஹாலில் 17 பேர். அவர்களுக்கு இரவில் ஒரே ஆயா. மொத்தக் கட்டிடத்துக்கும் நான். நர்ஸ் பகலில் மட்டும்.

அங்கே யாரையும் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பகல் நர்ஸ் 'சிஸ்டர்'. இல்லத்தை நடத்தியவர் 'ஐயா'. கிடப்பவர்கள் அப்பா, அம்மா, தாத்தா. நான் ஆயாவுக்குத் தம்பி; அவர் எனக்கு அக்கா. 'ஆயா' என்ற சொல்லே வேடிக்கையானது. இந்த வேலையைக் குறிக்கும் ஆயா போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்கிறார்கள். வட மாவட்டங்களில் பாட்டியை ஆயா என்பது வேறு சங்கதி. ஆனால் இரண்டும் ஒலியில் ஒன்றாகிவிட்டதால், கூலிக்கு வந்தவளும் பாட்டியும் ஒரே சொல்லுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் அந்நியர் ஒருவரை நெருங்கி அழைக்க உறவுப் பெயரைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. பஸ் கண்டக்டர் அண்ணன், காய்கறிக்காரி அக்கா. அது ஒரு நாகரிகம்தான், நான் மறுக்கவில்லை. ஒரு கிழவரின் மலத்தைத் துடைக்கும்போது 'கொஞ்சம் திரும்பிக்கப்பா' என்று சொல்லும் குரலில், துடைக்கப்படுகிறவனின் மானம் கொஞ்சம் மிஞ்சுகிறது. 'மிஸ்டர் இன்னார், திரும்பிக்கொள்ளுங்கள்' என்றால் அது மிஞ்சாது.

ஆனால் நான் வேலையில் சேர்ந்த அன்று ஐயா சொன்ன முதல் வாக்கியம், "இங்க எல்லாரும் ஒரே குடும்பம்" என்பது. இந்தக் குடும்பம் ஒரு திசையில் மட்டுமே ஓடும் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மாற்று ஆள் வராத காலையில் ஆயா தொடர்ந்து பகலும் நிற்கவேண்டியிருந்தால், நாம் குடும்பம். அவள் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால், விதி. இது அந்த இல்லத்துக்கு மட்டும் உரிய தந்திரம் என்று நினைக்கவேண்டாம். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பெண்கள் பெறுவது, ஒன்றிய அரசின் ஏடுகளில், சம்பளம் அல்ல, மதிப்பூதியம். அவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது 2022-ல். இடையில் பதினாறு வருஷம். தாய்மை என்றும் தொண்டு என்றும் பெயரிடப்பட்ட ஒன்றுக்கு விலை போடுவதில் ஒரு தேசமே கூச்சப்படுகிறது. கூச்சத்தின் செலவை ஏற்பவர்கள் வேறு ஆட்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

படுக்கை ஹாலில் ஜன்னலோரம் ஒரு பெரியவர். ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர். நினைவு போய்விட்டது. யூரின் டியூப் போட்டிருந்தார்கள். இரவானால் அதைப் பிடித்து இழுப்பார். உள்ளே மூத்திரப்பையில் அந்தக் குழாயை நிறுத்திவைக்க ஒரு சின்ன பலூன் ஊதி வைத்திருக்கும். ஒரு தடவை அந்தப் பலூனோடு இழுத்துவிட்டார். ரத்தம். ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். அதன் பின் சில வாரங்கள் கழித்து, இரவு இரண்டு மணி வாக்கில் ஹாலைச் சுற்றி வந்தபோது அவருடைய வலது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன்.

பழைய வேட்டியைக் கிழித்த துண்டு. மணிக்கட்டைச் சுற்றி முதலில் பஞ்சு, அதன்மேல் துணி. முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம். நான் நுழைத்துப் பார்த்தேன். அவ்வளவு கவனமாகப் போடப்பட்ட முடிச்சு அது. பிள்ளைக்குத் தூளி கட்டிப் பழகிய கை. அக்கா அப்போது கோடியில் வேறொரு அம்மாளைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டவேண்டும். 17 பேரைப் புரட்டி முடிப்பதற்குள் முதல் ஆளுக்கு மறுபடி நேரம் வந்துவிடும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. காலை ஐந்தரைக்குப் பகல் ஆட்கள் வருமுன் கட்டு அவிழ்ந்திருந்தது.

இது மூன்று மாதம் நடந்தது. என் மேஜைமேல் ரிப்போர்ட் நோட்டு ஒன்று இருந்தது. யார் சாப்பிடவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் இருமினார் என்றெல்லாம் அதில் எழுதினேன். இதை எழுதவில்லை.

ஒரு நாள் பெரியவரின் மகன் வந்தார். சிவந்த கோடு ஒன்றை மணிக்கட்டில் பார்த்தார். கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. ஐயா என்னைக் கூப்பிட்டு, "நோட்டுல எழுதிக் கொடுங்க" என்றார். நான் எழுதினேன்: 'இரவு நேரத்தில் நோயாளியின் கை கட்டப்பட்டிருந்ததாகத் தெரிகிறது.'

இந்த வாக்கியத்தை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டப்பட்டிருந்தது. யாரால்? தெரிகிறது. யாருக்கு, எப்போதிலிருந்து? வாய்ப் பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினை அநேகமாகக் கிடையாது. எந்தக் கிராமத்திலும் எவரும் 'சோறு சமைக்கப்பட்டது' என்று சொல்லமாட்டார்கள். அது கோப்புகளின் தமிழ், போலீஸ் ஸ்டேஷன் தமிழ். எழுவாய் இல்லாமல் ஒரு வினையை நடத்திக் காட்டும் வசதி அதில் உண்டு. அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அன்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் ஸ்தாபனத்துக்கு ஓர் எழுவாய் தேவை. இரவில் அந்த ஹாலில் இருந்தது ஒரே ஆயா என்பதால் அது தானே வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் அதுவரைக்கான சம்பளத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்னோர் எழுவாயும் அந்த வாக்கியத்தில் மறைந்திருந்தது. அதை யாரும் தேடவில்லை. 'தம்பிக்குத் தெரியும்' என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் மேலும் ஒரு வருஷம் அந்த வேலையில் இருந்தேன்.

ஆக, நண்பர் போற்றிய அன்பு என்னைக் காப்பாற்றியது. நண்பர் இகழ்ந்த விதி அவரை வெளியே அனுப்பியது. இப்படிப் பார்த்தால் வாதம் அவர் பக்கம் முடிந்துவிடும். ஆனால் பிரச்னை அதைவிடச் சிடுக்கானது.

பிற்பாடு, குற்ற உணர்வு உந்திய படிப்பாகத்தான், சில விஷயங்களை வாசித்தேன். இசபெல் மென்சீஸ் லித் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் நர்ஸுகளைப் பற்றி 1960 வாக்கில் எழுதிய ஆய்வு அவற்றில் ஒன்று. நோயாளியைப் பெயரால் குறிப்பிடாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் குறிப்பது, ஒருத்தி ஒரே நோயாளியோடு நெடுநேரம் இருக்கவிடாமல் வேலையைத் துண்டு துண்டாக்குவது, எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, முடிவெடுக்கும் பொறுப்பை மேலே மேலே தள்ளிக்கொண்டே போவது — இவையெல்லாம் திறமைக்கான ஏற்பாடுகள் அல்ல என்கிறார். சாவுக்கும் அழுகலுக்கும் பக்கத்தில் தினமும் நிற்பதால் வருகிற பதற்றத்திலிருந்து தப்ப, ஆஸ்பத்திரி தன்னையறியாமல் கட்டிக்கொண்ட அரண்கள். அரண் பதற்றத்தைப் போக்குவதில்லை. பேச இடமில்லாமல் செய்துவிடுகிறது. பயிற்சிக்கு வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே போய்விட்டார்கள். அவர்களில் நல்லவர்கள்தான் அதிகம் போனார்கள் என்று அவர் சந்தேகப்படுகிறார்.

படித்தபோது எனக்குத் தோன்றியது: லண்டன் ஆஸ்பத்திரி எண்ணைக் கொண்டு செய்ததை எங்கள் இல்லம் உறவுப் பெயரைக் கொண்டு செய்தது. படுக்கை எண் 10 என்பதும் 'அப்பா' என்பதும் நேரெதிர்ச் சொற்கள் போலத் தெரிகின்றன. இரண்டுமே அந்தக் குறிப்பிட்ட கிழவனைப் பார்க்காமலிருக்க உதவக்கூடியவை. இல்லத்தில் 'அப்பா' என்பது 17 கட்டிலில் 9 கட்டிலுக்குப் பெயர்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். பக்கத்து மாவட்டங்களில் இருந்த நாம் அதைச் செய்தியாகப் படித்தோம். புதிய சட்டம் சங்கிலியை முற்றாகத் தடுக்கிறது. மற்ற வகைக் கட்டுகளைப் பற்றிச் சொல்லும் 97-ஆம் பிரிவில் ஓரிடம் என்னை நிறுத்திவிட்டது: ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் கட்டிவைக்கக் கூடாது என்கிறது. கட்டினால் அதைப் பதிவு செய்யவேண்டும் என்றும் சொல்கிறது. முதியோர் இல்லம் இந்தச் சட்டம் சொல்லும் நிலையம் அல்ல என்று ஒரு வக்கீல் வாதிடலாம். எனக்கு வேண்டியது அது அல்ல. 'ஆள் பற்றாக்குறை' என்று எழுதியவர் எவரோ எங்கள் ஹாலைப் பார்த்திருக்கிறார். அக்காவின் முடிச்சுக்கு எழுவாய் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் நோட்டில் எழுதியிருக்கவேண்டிய வாக்கியம் அதுதான்: 17 பேருக்கு ஒருவர் இருப்பதால் ஒருவரைக் கட்டிவைக்கிறோம். கட்டிவைக்கிறோம், தன்மைப் பன்மை. முதல் இரவிலேயே எழுதியிருக்கவேண்டும். எழுதியிருந்தால் இன்னோர் ஆயாவை நியமித்திருப்பார்களா என்று கேட்கலாம். மாட்டார்கள். இருவரையும் அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

காட்டிக்கொடுப்பது என்ற சொல்லுக்கு நம்மிடையே உள்ள வெறுப்பு நியாயமானது. ஜாதி, குடும்பம், கட்சி எதுவாயினும் உள்விஷயத்தை வெளியே சொல்பவன் துரோகி. ஆனால் இதே மொழியில் மறைத்ததை வெளிப்படுத்துவதற்கு வேறொரு பெயரும் இருந்திருக்கிறது. அகத்திணை மரபில் தலைவியின் களவைத் தோழி செவிலிக்குச் சொல்கிறாள். செவிலி நற்றாய்க்குச் சொல்கிறாள். அவள் வழியாகத் தந்தைக்கும் தமையன்மாருக்கும் போகிறது. இதற்கு இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. சங்க காலத்தில் சமூகப்பணி இருந்தது என்று நாளை யாராவது கட்டுரை எழுதினால் அதற்கு நான் பொறுப்பல்ல. ஆனால் அந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. ரகசியத்தை உடைப்பவள் அந்த ரகசியத்தில் பங்குள்ளவள். தோழி களவுக்குத் துணை நின்றவள்; அவள் வெளியிலிருந்து புகார் சொல்வதில்லை. சொல்வதற்கு ஏழு வகை வைத்திருக்கிறார்கள். சுற்றிவளைத்துச் சொல்வதற்கும் இடம் உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்வது கடைசியில் வருகிறது. சொல்வது யாருக்காக என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. தலைவிக்காக. இன்றைக்கு அரசு ஆணைகளில் நர்ஸுக்கு வழங்கும் பெயர் செவிலியர். பெயரை எடுத்துக்கொண்டோம், அவள் நின்ற சங்கிலியை விட்டுவிட்டோம். இங்கே நான் சொல்வது சொல்லும் சங்கிலியை.

அந்தச் சங்கிலி தோழியிடம் தொடங்குகிறது என்பதைத்தான் நான் வெகு தாமதமாகப் புரிந்துகொண்டேன். கேட்க ஒருத்தி இருந்தால்தான் சொல்ல முடியும். இங்கேதான் நான் ஒப்புக்கொள்ளவேண்டியது வருகிறது. நோட்டில் எழுதிய வாக்கியம் அல்ல அது.

கட்டு தொடங்குவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்னால், ஒரு நள்ளிரவில், அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார். சேலைத் தலைப்பெல்லாம் மூத்திரம். பெரியவர் மறுபடி டியூபை இழுக்கப் பார்த்திருக்கிறார், தடுத்தபோது இவரை அறைந்திருக்கிறார். "தம்பி, இன்னிக்கு அந்தாள ஓங்கி அடிச்சிருவேனோன்னு பயமா இருந்துச்சு. கைய இடுப்புல சொருவிக்கிட்டு நின்னேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியெல்லாம் நினைக்காதீங்கக்கா. அவர் உங்க அப்பா மாதிரி இல்லையா?"

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "ஆமா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பின் என்னிடம் அந்த மாதிரி எதையும் அவர் சொன்னதில்லை.

அடிக்காமலிருக்க வழி தேடிய ஒரு மனுஷி தன்னந்தனியாகக் கண்டுபிடித்த வழி அந்த முடிச்சு. கையைக் கட்டவேண்டும், அவர் கையையோ தன் கையையோ. டொனால்ட் வினிகாட் 1949-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், பைத்தியம் பிடித்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அவர்கள்மேல் வெறுப்பு வரும், அதை அவன் தனக்குள் அறிந்து வைத்திருக்கவேண்டும், தாய்க்கே குழந்தைமேல் வெறுப்பு உண்டு என்கிறார். நம் ஊரில் இதைச் சொன்னால் அடிப்பார்கள். அம்மா என்றும் அப்பா என்றும் அழைத்துவிட்ட பின் வெறுப்பை எங்கே வைப்பது? குடும்பத்தில் அதற்குச் சண்டை இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, மூன்று நாள் பேசாமலிருப்பது இருக்கிறது. கூலிக்கு ஏற்ற உறவில் அவை எதுவும் கிடையாது. உறவுப் பெயர் மட்டும் இருக்கிறது. அக்கா அன்று என்னிடம் தம்பியாக எண்ணி வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அதே ஹாலில் அதே நாற்றத்தில் நிற்கிற இன்னொரு வேலையாளிடம் வந்தார். சொந்தத் தம்பியிடம் சொல்ல முடியாததைச் சொல்ல வந்தார். நான் ஒரே வாக்கியத்தில் அவரைக் குடும்பத்துக்குள் திருப்பி அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

தொழில்முறை உறவு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். பாடப் புத்தகங்களில் அது வேறு மாதிரி இருக்கிறது. சமூகப்பணிக் கல்லூரிகளில் இன்றும் நடத்தப்படும் பீஸ்டெக் பாதிரியாரின் 1957-ஆம் வருஷத்துப் புத்தகம், பணியாளர் உதவி நாடி வந்தவரிடம் கொள்ளவேண்டிய உறவுக்கு ஏழு நெறி சொல்கிறது. அவற்றில் ஒன்று, கட்டுக்குள் வைத்த உணர்ச்சி ஈடுபாடு. நல்ல நெறிதான். ஆனால் அந்தக் கட்டைத் தனி ஆள் ஒருவர் தன் நெஞ்சுக்குள் தானே போட்டுக்கொள்ளவேண்டும் என்பது போல இருக்கிறது அது. இரவு இரண்டு மணிக்கு அவள் அந்தக் கட்டின் மறுமுனையை யார் கையில் கொடுப்பாள் என்று அந்த ஏழில் இல்லை. பக்கத்துக் கட்டிலில் நிற்கிற சக ஊழியனைப் பற்றி நம் இலக்கியத்திலும் அதிகம் இல்லை. நம் கதைகளில் நர்ஸ் வருகிறாள். கருணையாகவோ கடுகடுப்பாகவோ ஒரு நோயாளியின் கண்வழியாகத் தெரிகிறாள். டூட்டி மாறும் நேரத்தில் இரண்டு நர்ஸுகள் ஒருத்திக்கு ஒருத்தி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அந்த உலகத்தின் முழு ஒழுக்கமும் கைமாறுகிறது.

நண்பருக்கு இது பதிலாகுமா என்று தெரியவில்லை. அன்பு இல்லாததால் அங்கே தப்பு நடக்கவில்லை. முடிச்சில் இரண்டு விரல் இடம் விட்டது அன்பு. என் பெயரைச் சொல்லாமல் போனது அன்பு. குறைந்துபோனது வேறொன்று, என் பக்கத்தில் குறைந்துபோனது.

இரண்டு வருஷத்துக்கு முன் மத்திய பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஏஜென்சி மூலம் வீடுகளில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். 24 மணி நேரமும் அங்கேயே. மாதம் ஒரு தரம் இரண்டு நாள் வீடு. இப்போது பார்த்துக்கொள்வது ஒரு டீச்சர் அம்மாவை, படுத்த படுக்கை. "தனியாத்தான் தம்பி. பேச்சுத் துணைக்கு டிவி இருக்கு" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கென்று தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் கேட்டார்.

"அந்த ரயில்வே அப்பா இருக்காரா?"

"இல்லக்கா. நீங்க போன அடுத்த தையில போயிட்டாரு."

"கையில செவந்திருந்துச்சே, அது ஆறிச்சா?"

ஆறிவிட்டது என்றேன். அவர் போன பிறகு அந்தக் கையை நான் ஒரு தரம்கூட எடுத்துப் பார்த்ததில்லை. துறையூர் பஸ் வந்தது. அவர் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு ஏறினார்.